இடது தோள்

அவர் வழக்கம்போல அவளுக்கு முன்னால் வந்து நின்றார். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடது தோளைத் தாழ்த்திக் கொடுத்தார்.

"வேண்டாமுங்க. இது கையிலயே நிக்குது" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

எங்கே நிற்பது என்று தெரியவில்லை. நாணலை ஒட்டித் தள்ளிப் போய் நின்றார். அங்கேயும் அவளுக்கு மறைக்குமோ என்று இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

குளத்தில் காலை வெயில் அப்போதுதான் இறங்கியிருந்தது.

அவள் கையில் இருந்தது புதுக் கேமரா. கடைக்காரர் ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது. பிடித்திருந்தால் பழையதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம்.

பழையது அவர் சுமந்து வந்த பையில் இருந்தது.

மகள் கல்யாணத்துக்கென்று வாங்கியது. கல்யாணம் முடிந்து மகள் போனாள். வீட்டில் படமெடுக்க ஆள் இல்லை. அம்சவேணி பறவைகளை எடுக்க ஆரம்பித்தாள். அதற்கென்று பெரிய லென்ஸ் வாங்கினாள். கனம் கைக்கு அடங்கவில்லை. ஸ்டாண்டைச் சேற்றில் ஊன்றினால் சாய்ந்தது. ஒருநாள், "அப்படியே நில்லுங்க" என்று சொல்லி, நாச்சிமுத்துவின் தோள்மேல் லென்ஸை வைத்தாள்.

அன்றிலிருந்து அவர்தான் ஸ்டாண்ட்.

மில்லில் பிட்டராக இருந்தவர். பறவைகளில் காகமும் கொக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவள் எழுப்பும் முன்பே எழுந்து பையோடு வாசலில் நிற்பார். கேமராவின் பேட்டரி மூடி உடைந்தபோது சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக மாட்டியதும் அவர்தான்.

குளக்கரையில் அவருக்கு ஒரே வேலை. அசையாமல் நிற்பது.

காதருகே அவள் மூச்சு நின்றுவிடும். அவரும் அடக்கிக்கொள்வார். 'டப்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு இருவரும் சேர்ந்து மூச்சு விடுவார்கள்.

இப்போது அவள் மணிக்கட்டில் பட்டை போட்டிருக்கிறது. இனி கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புதுசு வாங்கிவிடலாம் என்று முதலில் சொன்னது அவர்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கழுத்து எழுந்தது. பாம்பு போல.

பாம்புத்தாரா. அலகு நுனியில் கெண்டை துடித்தது.

பறவை மீனை மேலே வீசியது. மீன் காற்றில் ஒருமுறை புரண்டு, தலைகீழாக அதன் வாய்க்குள் போயிற்று.

பழைய கேமராவில் அவளுக்குக் கிடைக்கவே கிடைக்காத காட்சி. அந்தக் கேமரா குறி பார்த்து நிதானிப்பதற்குள் மீன் தொண்டையில் இறங்கியிருக்கும்.

புதுக் கேமரா சத்தமே போடவில்லை.

திரையைப் பார்த்தாள். மீன் அந்தரத்தில் நின்றிருந்தது. செதில் செதிலாகத் தெரிந்தது.

"சிக்கிருச்சுங்க!"

திரும்பினாள். நாணல் ஓரத்தில் அவர் இல்லை.

மேட்டில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பழைய கேமராவை மடியில் வைத்து வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். கடைக்குப் போகும்போது அழுக்காகப் போகக் கூடாது என்பது போல.

அவள் படத்தைக் காட்டினாள்.

"அட, மீனு கண்ணுகூடத் தெரியுதே" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

மறுபடி துடைத்தார்.

"இனி நீ தனியாவே வந்துக்கலாம் அம்சா. பஸ்ஸுதான் இருக்குதே."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் சட்டையின் இடது தோள் வெளுத்து நைந்திருந்தது. அவருடைய எல்லாச் சட்டையும் அந்த இடத்தில் அப்படித்தான் இருக்கும். துவைக்கும்போது பார்த்திருக்கிறாள். மட்டமான துணி என்று நினைத்திருந்தாள்.

எழுந்து கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"புதுசை எடுத்துக்கறேனுங்க... இல்லீங்க, பழசைத் தரலீங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"சும்மா கிடக்காதுங்க. அதுக்கு ஆள் இருக்குது."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

அவள் பழைய கேமராவின் வாரை அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"எனக்கென்ன தெரியும் இதுல?"

"என்ன தெரியோணும்? பாருங்க, அமுக்குங்க."

பாம்புத்தாரா பட்டுப்போன கருவேல மரத்தில் ஏறியிருந்தது. இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தது.

அவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். லென்ஸ் ஆடியது. இறக்கினார். மறுபடி வைத்தார். இன்னும் ஆடியது.

அவள் போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

"வைங்க."

"கனமாயிருக்கும்."

"வைங்கன்னா."

அவள் தோள் அவருக்கு ரொம்பத் தாழ்வு. காலை அகட்டி, நன்றாகக் குனிந்தார். லென்ஸ் வந்து உட்கார்ந்தது.

எலும்பில் அழுத்தியது.

இவ்வளவு கனமா, என்று இருந்தது அவளுக்கு.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் தேடினார். லென்ஸ் கொஞ்சம் இந்தப் பக்கம் போயிற்று. கொஞ்சம் அந்தப் பக்கம் போயிற்று. விரல் பொத்தானைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தது.

மரத்தில் பறவை சிறகை மடக்கியது. கழுத்தை நீட்டியது. சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி மறைந்தது.

"எங்க, காணமே அம்சா? ஒரே கிளையாத்தான் தெரியுது."

"அங்கதான் இருக்குது. மெதுவாத் தேடுங்க."