தொப்பூர் கோழித்தொடை

சேலம் பஸ் தொப்பூரில் நின்றதுமே புஷ்பமேரி அந்த போர்டைப் பார்த்துவிட்டாள். பிரியாணிக் குவியலின் உச்சியில், எண்ணெய் மின்ன, ஆள் உயரக் கோழித்தொடை!

"இறங்குங்க, சாப்பிடலாம்."

"வூட்டுல போய்ச் சாப்பிட்டுக்கலாம் புஷ்பம்," என்றான் கணவன் ஸ்தனிஸ்லாஸ்.

"தவக்காலம் முடிஞ்சு இன்னும் ஒரு துண்டு கறி கண்ணுல காட்டல நீங்க!"

இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

இலையில் பிரியாணி வந்தது. சோற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு சர்வரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, தொடை எங்கீங்க?"

"இதாங்க தொடை."

"இந்த எலும்பா? அப்ப போர்டுல இருக்கறது யானைத் தொடையா?"

"நானும் ரெண்டு வாரமா தேடறேங்கம்மா!" என்றார் பக்கத்து மேசை லாரி டிரைவர். கடையே சிரித்தது.

"படத்தைக் காட்டி ஊரை ஏமாத்தி முதலாளி கொழிக்கிறான். அதை வரைஞ்சவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்!" என்று கத்தினாள் புஷ்பமேரி.

ஸ்தனிஸ்லாஸின் தலை இலையைத் தொடும் அளவுக்குக் குனிந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த முதலாளி அவனைப் பார்த்ததும் கைகூப்பினார்.

"அடடே, ஆர்ட்டிஸ்ட் சார்! நீங்க வரைஞ்ச தொடையைப் பாத்துத்தாங்க எல்லா பஸ்ஸும் இங்க நிக்குது!"

எந்த போர்டு எழுதினாலும் வீட்டில் சொல்லிவிடும் ஸ்தனிஸ்லாஸ், இதை மட்டும் சொல்லியிருக்கவில்லை.

புஷ்பமேரி கணவனை முறைத்தாள். அடுத்த நொடி வெடித்துச் சிரித்தாள். புரையேறும் வரை சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னாள்:

"ஏணியும் பெயிண்டும் கொண்டாங்க. அந்தத் தொடையை அழிச்சுட்டு இந்த எலும்பை இவர் வரையட்டும். அப்புறந்தான் நாங்க பஸ் ஏறுவோம்."

முதலாளி அசையவில்லை. ஏணியைத் தேடி லாரி டிரைவர்தான் எழுந்தார்.