கூண்டைத் திறந்தவர்

"ஓய் ராஜாங்கம்! வெளிய வாரும்வே!"

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய இசக்கிமுத்து முகத்துக் கரியைக்கூடக் கழுவவில்லை. நிலக்கரிக் கம்பெனியில் ரெண்டாவது சுரங்கத்துக்கு மண் தோண்டுகிற சமயம். ஓவர்டைம் பார்த்துப் பார்த்து ஆளே பாதியாகியிருந்தான். குவார்ட்டர்ஸ் கொல்லையில் முயல் கூண்டு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே ஒன்றுகூட இல்லை.

மறுநாள் விடிந்தால் பாண்டிச்சேரியிலிருந்து ஆராய்ச்சி டாக்டரின் ஜீப் வந்து நிற்கும்.

பக்கத்து வீட்டு ராஜாங்கம் மெதுவாக வாசலுக்கு வந்தார். வடலூர் சன்மார்க்கத்தில் ஊறிய மனிதர். முட்டைகூட வீட்டுக்குள் வராது. "ஊசி போட்டுச் சாவடிக்கவா இதுங்கள வளத்துகினு இருக்கீங்க? பாவங்க" என்று வேலியோரம் நின்று ஓதாத நாளில்லை.

"முயலை அவுத்து விட்டது நீருதான?"

ராஜாங்கம் இசக்கிமுத்துவுக்குப் பின்னால் நின்ற அவன் மனைவி புஷ்பவல்லியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"பேசும்வே! எம் பொஞ்சாதிக்குக் கண்ணு ரெண்டும் பிதுங்கிக்கிட்டு வருது. தூங்கையிலகூட இமை மூட மாட்டேங்கு. அவ உடம்பே அவ கழுத்துத் தைராய்டை எதிரின்னு நெனச்சு அடிக்காம். அதே வியாதியை முயலுக்கு வரவழைச்சுப் பாத்துத்தான் டாக்டர் மருந்து தேடுதாரு. ஒத்தக் காசு வாங்காமக் குடுக்கேன். உம்ம புண்ணியத்துக்கு எவன் வீட்டுல விளக்கு அணையணும்?"

"மன்னிச்சிக்கங்க" என்றார் ராஜாங்கம். அவ்வளவுதான்.

பிளாக்கே கூடிவிட்டது. முயல் விற்றுக் காசு பார்க்கிறான் என்று அதுவரை புறம்பேசிய எதிர்வீட்டுப் பட்டம்மாள் சட்டென்று கட்சி மாறினாள்.

"ஊரு உசுருக்கெல்லாம் இரக்கப்படுவாரு. பக்கத்து வூட்டு உசுரு மட்டும் கண்ணுக்குத் தெரியாது!"

ராஜாங்கம் அன்று டியூட்டிக்குப் போகவில்லை. கோணிச் சாக்கை எடுத்துக்கொண்டு முந்திரித் தோப்புப் பக்கம் போனார்.

திரும்பும்போது சாயங்காலம். கையெல்லாம் சுள்ளி கீறியிருந்தது. ஒன்றிரண்டு போக, மற்றவையெல்லாம் சாக்கில் இருந்தன. ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் விட்டார். கடைசி முயலை விட மனசில்லாமல் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றார்.

இசக்கிமுத்துவுக்குக் கத்தத் தெம்பில்லை. வாய் மட்டும் அடங்கவில்லை.

"நீரு புடிச்ச முயலுக்கு மூணே காலுதானோ? எண்ணிப் பாத்துக்கிடட்டுமா?"

ராஜாங்கம் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

"அவரை ஏசாதீங்க" என்றாள் புஷ்பவல்லி. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். எப்போதும் வடிகிற நீர்தான். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதல். "கூண்டைத் திறந்தது நான்."

"என்ன புள்ள சொல்லுத?"

"போன தடவை ஆஸ்பத்திரியில, ஊசி போட்ட முயல் ஒண்ணைப் பாத்தேன். எங் கண்ணு மாதிரியே பிதுங்கி, மூட முடியாம முழிச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. நான் படுத பாட்டை இதுகளும் படணுமான்னு ஆயிப்போச்சு."

இசக்கிமுத்து கூண்டடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பொறவு அந்த மனுசன் எதுக்கு ஏச்சு வாங்குனாரு?"

"காலையில நான் திறக்கதை வேலியோரம் நின்னு பாத்துட்டாரு. என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாரு. அப்பந்தான் எங் கண்ணு வியாதிக்கு மருந்து தேடத்தான் முயல் போகுதுன்னு அவர்ட்ட சொன்னேன். மொகம் செத்துப்போச்சு. அதுக்குள்ள நீங்க வந்து நிக்கீங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா!"

"எனக்கு நாக்கு எழும்பல. சாக்கோட கிளம்புனவரை மறிச்சுக்கூடப் பாத்தேன். 'வேண்டாம் அண்ணாச்சி, உங்க வழிக்கு இது பாவமாச்சே'ன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'பாவம் எம் பேர்ல இருக்கட்டும்மா. நீ கண்ணைக் காப்பாத்திக்க'ன்னுட்டுப் போனாரு."