வெறும் கழுத்து வலி

"நாலு தடவை, லோர்னா! நாலு தடவையும் ஒரே தப்பு."

பில்லிங் பிரிவின் மேலாளர் ஜெரால்டின் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். அமெரிக்காவில் டொலிடோ நகரில் இருந்த அந்தச் சின்ன கிளினிக்கில் பில்லிங்குக்கு மொத்தமே ஆறு மேஜை. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பது அவளுக்குக் காலைக் காபி மாதிரி.

"ஷெல்பிங்கிற இந்தப் பேஷன்ட்டுக்கு டாக்டர் தெளிவா எழுதியிருக்கார். கழுத்துல ரெண்டு பக்கமும் விரல் தடம், ரத்தக்கட்டு. அந்த மாதிரி காயத்துக்குன்னு பில்லுல போட தனிக் கோட் நம்பர் இருக்கு. நீ என்ன போட்டிருக்கே? வெறும் கழுத்து வலி!"

"வலியும்தானே இருந்தது? அதையும் எழுதியிருக்காரே." லோர்னா தலை நிமிரவில்லை.

"சாமர்த்தியமாப் பேசாதே. இருபது வருஷமா நாற்காலியைத் தேய்ச்சதுதான் மிச்சம். நல்லவேளை, கடைசி பில்லைப் போன வாரமே நான் திருத்தி இன்ஷூரன்ஸுக்கு அனுப்பிட்டேன்."

லோர்னா சட்டென்று நிமிர்ந்தாள்.

"அனுப்பிட்டீங்களா? காயம்னு கோட் போட்டா இன்ஷூரன்ஸ்காரங்க ஷெல்பி வீட்டுக்கு லெட்டர் போடுவாங்களே!"

"போடட்டும். காயம் எப்படி ஆச்சு, யார் காரணம்னு கேட்பாங்க. வழக்கம்தானே?"

"யார் பேருக்குப் போகும்?"

"பாலிசி யார் பேர்ல இருக்கோ..." ஜெரால்டின் திரையைப் பார்த்தாள். பாலிசி ஷெல்பியின் கணவன் பெயரில் இருந்தது.

"டாக்டர் குறிப்பை முழுசாப் படிச்சீங்களா?"

கோட் நம்பருக்கு வேண்டிய வரியோடு நிறுத்திக்கொள்வது ஜெரால்டினின் பழக்கம். இப்போதுதான் கீழே இருந்ததையும் படித்தாள்.

'காயப்படுத்தியது கணவர். இங்கே சொன்னது தெரிந்தால் கொன்றுவிடுவார் என்கிறார் ஷெல்பி. இருபதாம் தேதி, சனிக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போய்விடப் போகிறார்.'

இன்று பதினெட்டு.

"அதுவரைக்கும் கழுத்து வலின்னே இருக்கட்டும், நான் திட்டு வாங்கிட்டுப் போறேன்னு இருந்தேன்" என்றாள் லோர்னா.

ஜெரால்டின் போனை எடுத்தாள். இதையும் உடனே திருத்திவிட வேண்டும் அவளுக்கு. ஷெல்பியின் செல்லுக்கு டயல் செய்தாள். "வேண்டாம்!" என்று லோர்னா எழுவதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

ஆண் குரல். ரொம்ப நிதானமாக இருந்தது.

"கிளினிக்கா? நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. இன்ஷூரன்ஸ் லெட்டரைத்தான் படிச்சிட்டிருக்கேன்."