ஒரு நூல் இடைவெளி

மலை விடுதியின் வரவேற்பறைச் சுவரில், இரண்டு ஆணிகளில் அந்தப் பழைய பச்சை கியர் சைக்கிள் தொங்கியது. சக்கரத்தில் மணிபிளாண்ட் படர்ந்திருந்தது. அறைச்சாவி வாங்க முழங்கால் வலியோடு வந்த சவுந்தரவல்லி அதன் முன்னால் நின்றுவிட்டாள். முப்பது வருடத்துக்கு முன்பு அவள் விற்ற சைக்கிள். ஹேண்டில்பாரில் அவள் சுற்றிய சிவப்பு டேப் அப்படியே இருந்தது.

"இத ஓட்டிப் பாக்கலாமா?"

மேலாளர் ஃபெலிக்ஸ் சிரித்தார். "ஏத்தத்துல செயின் குதிச்சிரும்மா. மூணு மெக்கானிக் பாத்து கைவிட்டுட்டாங்க. அதான் அழகுக்கு மாட்டிட்டோம்."

"இறக்குங்க. காத்தடிச்சு, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குடுங்க."

கொடியை அவளே பிரித்து எடுத்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டாள். விடுதி வாசலில் தொடங்கும் ஏற்றம் மேலே தண்ணீர்த் தொட்டி வரை செங்குத்தாகப் போகும். செயின் குதிக்காமலிருக்க, கியர் நெம்புகோலை மூன்றாவது பல்லுக்கு ஒரு நூல் அளவு முன்னால் நிறுத்தி, ஏறி முடிக்கும்வரை கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு நூலைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆகியிருந்தது. விற்றபோது வாங்கியவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை.

தொட்டி வரை மிதித்து ஏறினாள்; செயின் ஒருமுறைகூடக் குதிக்கவில்லை. தொட்டியைச் சுற்றித் திரும்பி, பிரேக்கைத் தொடாமல் இறங்கி வந்தாள். வாசலில் ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றாள். கட்டைவிரல் கன்றிச் சிவந்திருந்தது.

"ஃபெலிக்ஸ் தம்பி, அந்த ஆணி ரெண்டையும் புடுங்கிருங்க."