ஆளில்லாத வார்டு

பெண்கள் சிறை டாக்டருக்கு, வார்டைத் துடைக்கும் அந்தக் கைதியைக் கண்டாலே இளக்காரம்.

“இடுப்பு வலியில உயிர் போகுது டாக்டர். தூக்கமே இல்ல. இரும்புக் கதவைச் சாத்துற சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப் போடுது.”

“வேலைக்கு டிமிக்கி குடுக்க நல்லா கத்து வச்சிருக்கே! போ, போய்த் துடை. நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றாங்க.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

மறுநாள் அதிகாரி அம்மாள் வந்தார். நான்கு கட்டில்களிலும் மடிப்புக் கலையாத விரிப்புகள். மூலையில், உறைகூடப் பிரிக்காத பிசியோதெரபி மெஷின்.

“பட்டாளத்துல இருந்தவங்களுக்குன்னு தனி வார்டு கட்டிக் குடுத்தோம். ஒரு வருஷமா ஒருத்தர்கூட வரலையா?”

டாக்டர் பல்லிளித்தார். “இது பொம்பளைங்க ஜெயில் மேடம். இங்க பட்டாளத்துக்காரன் எங்கேருந்து வருவான்? வர்றதெல்லாம் குழாயடிச் சண்டைக்காரிங்கதான்.”

துடைத்துக்கொண்டிருந்தவள் வாளியை வைத்துவிட்டு, வலியோடு நிமிர்ந்து விறைப்பாக நின்றாள்.

“பட்டாளத்தோட கண்ணிவெடி எடுக்குற பிரிவுல பதினோரு வருஷம் இருந்தேன் மேடம். கடைசியா வெடிச்சதுல தெறிச்ச இரும்புத்துண்டு இன்னும் இடுப்புலதான் இருக்கு.”

அதிகாரி தானே ஒரு கட்டிலின் விரிப்பை விலக்கினார்.

“முதல்ல நீ படும்மா. இத்தனை நாளா இதை ஏன் இவர்கிட்ட சொல்லல?”

அவள் டாக்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“என் வேலையை யாரு கேட்டாங்க மேடம்? புருஷனுக்கு என்ன வேலைன்னு கேட்டார். சமையல்காரர்னு சொன்னேன். அதை மட்டும் அழகா எழுதிக்கிட்டார்.”