டீக்குப் பிறகு சொன்னது

ஏழு வருடத் தண்டனையை எதிர்த்து மாசிலன் மேல்முறையீடு செய்திருந்தான். வாய் திறக்காமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டென்று போலீசார் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கி, டீ வாங்கிக் கொடுத்து, அவன் கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் சொன்னார்கள்.

அந்த உரிமை எவ்வளவு புனிதமானது என்று நீதிபதி வெகுநேரம் வாசித்தார். குரல்கூடத் தழுதழுத்தது. "போலீசார் செய்தது பிழை. வன்மையாகக் கண்டிக்கிறோம். ஆனால் இந்தப் பிழையால் பாதிப்பு எதுவும் இல்லை. தண்டனை உறுதி செய்யப்படுகிறது."

"உள்ள போகப்போறது நான்தானுங்களே ஐயா, பாதிப்பு இல்லைன்னா..." என்று மாசிலன் ஆரம்பித்தான்.

அன்றைக்கு டீ வாங்கி வந்த ஏட்டுதான் காவலுக்கு நின்றிருந்தார். அவன் தோளை மெல்ல அழுத்தினார்.

"பேசாம இருப்பா. அதுக்குத்தான் உனக்கு உரிமை இருக்கே."