பக்கத்துப் பல்

மகளின் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வழுக்கி விழுந்து, அறுபத்தொரு வயது மாயக்கண்ணனுக்கு முன்பல் பாதி உடைந்தது. காரைக்குடிப் பல் மருத்துவர் நித்யஸ்ரீ அதைத் தேய்த்துக் குச்சியாக்கி, கிரவுன் என்னும் நிரந்தர உறைக்கு அளவெடுத்து, அதுவரைக்கும் தற்காலிக மூடி ஒட்டி அனுப்பினார். அவர் போட்ட கிரவுன் ஒன்றுகூட இதுவரை கழன்றதில்லை.

அடுத்த வாரம் கிரவுன் பொருத்த மூடியைக் கழற்றினார். உள்ளே முழுப் பல் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் புதிதாக முளைத்ததுபோல அதன் விளிம்பு ரம்பமாக இருந்தது.

நித்யஸ்ரீ போன வாரத்து எக்ஸ்ரேயை எடுத்து இரண்டு முறை பார்த்தார்.

"வலிச்சுச்சாய்யா?"

"இல்ல டாக்டரம்மா, நல்லா வச்சுவிட்டீக. முந்தாநாள்லருந்து பக்கத்துப் பல்லுதான் ஆடுது."

தொட்டதும் அது கையோடு வந்தது. ரத்தமில்லை, வேருமில்லை. ஈறில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது.

"கல்யாணத்துக்குள்ள மொளச்சிரும்" என்றார் மாயக்கண்ணன்.